படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்

போன கிழமை அம்மம்மாவின் றங்குப்பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு மலிபன் பிஸ்கட் டின், அதற்குள் கொஞ்சம் படங்கள். ஒன்றில் கூரைக் கிடுகு பறந்துபோன வீடு. முற்றத்தில் சாய்ந்து கிடக்கிற தென்னையில் நாலு பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். ஒரு மூலையை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் பென்சில் எழுத்து: "64 மார்கழி. புயலுக்கு அடுத்த கிழமை. மூத்தக்கா, தங்கம், நான்." ஆட்கள் நாலு, பெயர் மூன்று.

அதைப் பார்த்ததில் இருந்து மனதுக்குள் கிடக்கிறதை எழுதுகிறேன்.

திருகோணமலையின் பழைய படங்கள் என்று முகநூலில் சுற்றுபவற்றைப் பாருங்கள். துறைமுகம், போர்க்கப்பல், பிரெட்ரிக் கோட்டை, எண்ணெய்த் தாங்கிகள். பெரும்பாலும் வெள்ளைக்காரன் தன் தேவைக்கு எடுத்தவை. ஒல்லாந்தர் கீறிய கோட்டை வரைபடங்கள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இங்கே நின்ற பிரிட்டிஷ் கடற்படையின் படங்கள் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான்காரன் குண்டு போட்டதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அன்றைக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய எங்கள் சனத்தின் படம் ஒன்றைக்கூட நான் இன்னும் காணவில்லை.

கோணேசர் கோயிலைப் பறங்கியர் (போர்த்துக்கேயர்) இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். கோட்டை வாசலில் இணைக்கயலும் (இரட்டை மீன்) தமிழ் எழுத்தும் இன்றைக்கும் நிற்கிறதென்றால் அது கல் என்பதால்தான். எங்கள் வீட்டுக் கடதாசிகளுக்கு அந்த ஆயுள் இல்லை. 1990 இடப்பெயர்வில் எவ்வளவு போனது, 2004 சுனாமியில் எவ்வளவு போனது! 2006 சண்டையில் உடுத்த உடுப்போடு சம்பூரை விட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப் போகவே ஒன்பது பத்து வருடமானது. பட அல்பத்தையா எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்?

ஆனால் சண்டை முடிந்த பிறகும் தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். டவுனில் ஒரு பழைய ஸ்டூடியோ மூடியபோது பெட்டி பெட்டியாக நெகட்டிவ் குப்பைக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். எத்தனை கலியாணம், எத்தனை சாமத்தியச் சடங்கு, எத்தனை அடையாள அட்டை முகங்கள். அன்று ஒரு பெட்டியையாவது தூக்கி வராதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தை யாராவது வரலாறு என்று நினைக்கிறோமா? செத்தவர் எந்த ஊரில் இருந்து வந்தார், எங்கே படித்தார், டொக்யார்ட்டில் என்ன வேலை பார்த்தார், யாருக்கு யார் சம்பந்தி, எல்லாம் அதில்தான் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் கதிரையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் மின்வருடி இணையத்தில் ஏற்றுகிறது. உங்கள் அலுமாரியில் இருப்பதையும் கொடுங்கள். காணி உறுதி, கூப்பன் அட்டை, கோயில் திருவிழா நோட்டீஸ், கிண்ணியாவுக்குப் பாலம் வரமுதல் பாதையில் (மிதவைப் படகில்) போன காலத்துப் படம், எதையும் கழிக்க வேண்டாம்.

ஒட்டிப்போன அல்பத்தில் இருந்து படத்தை உரிக்காதீர்கள், கிழிந்துவிடும். யன்னல் வெளிச்சத்தில் அப்படியே கைத்தொலைபேசியால் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். கழற்ற முடிந்த படமென்றால் பின்பக்கத்தையும் எடுங்கள். எடுத்ததைக் கையோடு வீட்டில் மூத்தவருக்குக் காட்டி, அவர் சொல்கிற பெயர்களைக் குரலோடு பதிந்து வையுங்கள். அடுத்த பொங்கலுக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் அப்படித் தள்ளிப்போட்டவன். அம்மம்மா போன ஆவணியில் போய்விட்டா.

இன்னொன்று. முகநூலில் சிலர் அடுத்தவர் வீட்டுப் படத்தை எடுத்து, பெயரை வெட்டி, தங்கள் பக்கத்தின் முத்திரையைக் குத்திப் போடுகிறார்கள். அது களவு மட்டுமில்லை, அந்த முகங்களை இரண்டாந்தரம் அநாதையாக்குகிற வேலை.

படத்தின் இரண்டு பக்கத்தையும் கீழே போட்டிருக்கிறேன். வலது ஓரம், பின்னல் முன்னுக்குக் கிடக்கிற பெண்ணைத்தான் தெரியவில்லை. வீடு சாம்பல்தீவுப் பக்கம் என்று அம்மா நினைக்கிறா. சல்லி, சாம்பல்தீவு ஆட்கள் தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களிடம் ஒருக்கா காட்டிப் பாருங்கள்.