சிண்டரெல்லா டிஸ்னியின் கதையா?

"சிண்டரெல்லாவை உருவாக்கியது டிஸ்னி, மற்ற நாட்டுக் கதைகள் அதன் நகல்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. டிஸ்னி படம் வந்தது 1950இல். பூசணி வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இலேயே எழுதியவை.

அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில், துவான் செங்ஷி என்ற எழுத்தாளர் யே சியான் என்ற பெண்ணின் கதையை எழுதிவைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தேவதை கிடையாது. அவள் ஆசையாய் வளர்த்த மீனைச் சிற்றன்னை கொன்றுவிடுகிறாள். அதன் எலும்புகள்தான் வரம் தருகின்றன. விழாவில் தவறவிட்ட பொற்செருப்பு ஒரு அரசனிடம் போய்ச் சேர்கிறது.

வியட்நாமில் சொல்லப்படும் தாம் என்ற பெண்ணின் கதையிலும் மீன் எலும்புதான் உதவுகிறது. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பிலோ, தாயின் சமாதியில் வளர்ந்த மரம். குழந்தைகளுக்கு இவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள். மீனை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.