பிள்ளையின் பருமனும் இரத்தக் குழாயும்

அண்ணை, பிள்ளையின் பருமனைப் பற்றி "பரம்பரை உடம்பு, ஒன்றும் செய்ய ஏலாது, இரத்தக் குழாய்ப் பிரச்சினையெல்லாம் 40 வயதுக்குப் பிறகுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டுமே பிழை. மரபணுவுக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் 2007இல் பருமனோடு தொடர்புபடுத்தப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் ஆபத்தான வடிவம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்கூட, வளர்ந்தவர்களில் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோதான் கூடுகிறது.

இரத்தக் குழாயில் பிரச்சினை தொடங்க 40 வயது வரவேண்டியதில்லை. பருமனான பிள்ளைகளில் பத்து வயதளவிலேயே குழாயின் உட்சுவர், குழாயை விரியச்செய்யும் வாயுவான நைத்திரிக் ஒட்சைட்டைப் போதியளவு விடாமல், குழாய் சரியாக விரியாமல் போவதை அளந்திருக்கிறார்கள், உடற்பயிற்சியாலும் சாப்பாட்டு மாற்றத்தாலும் அது திரும்பவும் சீராவதையும் கண்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் பின்னேரம் முழுக்க ரியூசனில் இருத்தி, வந்ததும் சோடா கொடுப்பதை முதலில் நிறுத்துவோம். பட்டினி போடவேண்டாம், விளையாட விடுங்கள், கிளினிக்கில் பிறசரையும் பார்த்துவிடுங்கள்.