கைப்பிடிச்சுவர் கட்டாததற்குத் தேவசித்தத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

அந்த அடக்க ஆராதனை வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். ஊர் பேரும் சபை பேரும் இங்கே வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது. என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும்: கட்டி முடியாத சபைக் கோவில், கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட இருட்டில் மேலே ஏற்றிவிடப்பட்டு, விழுந்து செத்துப்போன வாலிபன்.

என்னை எழுத வைத்தது பிரசங்கத்தின் கடைசிப் பகுதி. தேவன் குறித்த நாள் வந்தது, எடுத்துக்கொண்டார், இதில் கமிட்டியைக் குறை சொல்கிறவன் தேவசித்தத்தை எதிர்க்கிறான் என்றார் பிரசங்கியார். முன்வரிசையில் இருந்த கமிட்டிக்காரர்கள் "ஆமென்" என்றார்கள். அந்த ஆமென்தான் எனக்கு ஆறவில்லை.

தேவன் சர்வ ஆளுகையுள்ளவர். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஒரு அடைக்கலான் குருவிகூடப் பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்று மத்தேயு 10:29-ல் இருக்கிறது, நம்புகிறேன். ஆனால் அதே தேவன் உபாகமம் 22:8-ல் என்ன சொன்னார்? புதுவீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரக் கூடாது என்றார். விழுகிறவன் குறித்த நாளில்தான் விழுகிறான், அதனால் வீட்டுக்காரனுக்குப் பொறுப்பில்லை என்றால் அந்த வசனத்துக்கு வேதத்தில் என்ன வேலை? விழுவதும் தேவனுடைய ஆளுகைக்குள்தான். பழி வீட்டுக்காரன் தலையில்தான். இரண்டும் ஒரே தேவனுடைய வாய்ச்சொல். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

"நீ அர்மீனியன், அதனால்தான் இப்படிப் பேசுகிறாய்" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் வந்து எழுதியிருக்கிறார். இரட்சிப்பில் மனுஷ சித்தத்துக்கும் இடம் உண்டு என்ற அர்மீனியஸின் கட்சிக்காரன் என்று அர்த்தம். சரி தம்பி, அர்மீனியஸை விட்டுவிடுவோம். தேவனுடைய ஆளுகையை அழுத்திச் சொன்ன சீர்திருத்தவாதி கால்வினிடமே போவோம்.

அவர் எழுதின இன்ஸ்டிடியூட்ஸ் நூலின் 1559-ஆம் ஆண்டுப் பதிப்பு, முதல் புத்தகம், 17-ஆம் அதிகாரம். தேவன் எல்லாவற்றையும் ஆண்டு நடத்துகிறார் என்ற தேவ பராமரிப்புப் போதனையை எப்படிப் பயன்படுத்த வேண்டும், எப்படிப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அந்த அதிகாரத்தின் பொருளே. நம் ஆயுசுக்கு எல்லை குறித்தவர் அதைக் காக்கும் பொறுப்பையும் நம் கையில்தான் கொடுத்தார் என்று 4-ஆம் பகுதியில் சொல்கிறார். ஆபத்தை முன்கூட்டிப் பார்க்கும் புத்தியையும், தப்பிக்கும் வழிகளையும், மருந்தையும் கொடுத்தவர் அவரே. கொடுத்ததைப் பயன்படுத்தாமல் விடுவது விசுவாசம் அல்ல. 5-ஆம் பகுதியில் கொலைகாரனும் திருடனும் தேவ பராமரிப்புக்குள்தான் செயல்படுகிறார்கள், ஆனாலும் அவர்கள் குற்றவாளிகளே என்கிறார். வெயில் பட்டுப் பிணம் நாறுகிறது, அதற்காகச் சூரியக் கதிர் நாறுகிறது என்று எவனாவது சொல்வானா என்று அங்கேதான் கேட்கிறார்.

9-ஆம் பகுதி இந்தச் சாவுக்கென்றே எழுதினது போல இருக்கிறது. தேவபக்தியுள்ளவன் இடைக் காரணங்களை, அதாவது தேவன் தம் சித்தத்தை நடத்தப் பயன்படுத்தும் மனிதரையும் பொருள்களையும், கண்டும் காணாமல் போகமாட்டான். தன் கவனக்குறைவால் நஷ்டம் வந்தால், இது கர்த்தருடைய சித்தத்தால் வந்தது என்றும் அறிவான், இது என் தப்பு என்றும் ஒத்துக்கொள்வான். தான் கவனித்துக்கொள்ள வேண்டிய ஒருவர் தன் அசட்டையால் செத்துப்போனால், அவர் தாண்ட முடியாத எல்லைக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தும், அதைக் காட்டித் தன் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளமாட்டான். இதைச் சொல்கிறவர் கால்வின். அந்தக் கமிட்டிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

கால்வின் வழி வந்த சபைகளின் அறிக்கையான, 1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் இதையே சொல்கிறது. நடப்பதெல்லாம் தேவன் நியமித்தது என்று 3-ஆம் அதிகாரத்தின் முதல் பத்தி சொல்லும். அதே மூச்சில், தேவன் பாவத்துக்குக் காரணகர்த்தா அல்ல, சிருஷ்டிகளின் சித்தத்தைப் பலவந்தம் பண்ணுவதில்லை, இரண்டாம் காரணங்கள், அதாவது அதே இடைக் காரணங்கள், அழிக்கப்படாமல் நிலைநிறுத்தப்படுகின்றன என்றும் சொல்லும். நம் ஆட்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறு தரப்பான அர்மீனியரும் தேவ பராமரிப்பை மறுத்தவர்கள் இல்லை. 1610-ல் அவர்கள் கொடுத்த ஐந்து கூற்றுகளும், 1618–19-ல் கால்வின் தரப்பாரின் டோர்ட் சங்கம் அவற்றுக்குச் சொன்ன மறுப்பும், தேவன் இரட்சிப்புக்கு ஆட்களைத் தெரிந்துகொள்ளுதல், கிருபை, விழுந்துபோகாமல் நிலைத்திருத்தல் பற்றியவை. மாடியில் சுவர் கட்டாதவனுக்குப் பொறுப்பு உண்டா என்று அவர்களுக்குள் சண்டையே இல்லை. அதனால் தம்பி, என் பேருக்கு முன்னால் எந்தப் பட்டத்தைப் போட்டாலும் உங்கள் பிரசங்கியார் தப்பமாட்டார்.

அப்போஸ்தலர் 27-ஐ நிதானமாக வாசியுங்கள். உபவாச நாளும் கழிந்து, கடல் யாத்திரை மோசமாகிவிட்ட பருவம். போக வேண்டாம் என்று, அந்தக் கப்பலில் கைதியாய் இருந்த பவுல் எச்சரித்தார். கைதிகளைக் கொண்டுபோன நூற்றுக்கு அதிபதி மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்பினான், கிளம்பினார்கள், புயலில் மாட்டினார்கள். கப்பலில் 276 பேர். ஒரு உயிரும் போகாது என்று தேவதூதன் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு என்ன நடக்கிறது? ஆழம் பார்க்கிறார்கள்: 20 பாகம் (ஆழத்தை அளக்கும் அளவு), கொஞ்ச தூரம் போய் 15 பாகம். பாறையில் மோதாமல் இருக்க நாலு நங்கூரம் போடுகிறார்கள். கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற சாக்கில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். அப்போது பவுல், "தேவன் வாக்குக் கொடுத்தாயிற்று, போகிறவன் போகட்டும்" என்றாரா? இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்றார். சேவகர் படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். முடிவை நியமித்தவர் வழியையும் நியமித்தார், நங்கூரமும் கயிறும் ஆளும் உட்பட. எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

குறித்தது நடந்தே தீரும், நான் என்ன செய்தால் என்ன என்ற பேச்சு கிறிஸ்தவத்துக்கு வெளியே பிறந்தது. குணமாவாய் என்று விதி இருந்தால் வைத்தியனை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாவாய் என்ற கிரேக்கரின் அந்தப் பழைய வாதத்துக்குச் சோம்பேறி வாதம் என்றே பேர். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா ஒரிகன் அதை எடுத்து மறுத்திருக்கிறார். நம் ஊரில் அதற்குத் தலையெழுத்து என்று பேர். அதைத்தான் பிரசங்கபீடத்தில் ஏற்றித் தேவசித்தம் என்று கூப்பிடுகிறார்கள்.

யாத்திராகமம் 21:13-ஐ ஒரு மூப்பர் காட்டினார். பதிவிருந்து கொல்லாமல், தேவச்செயலாய் நேரிட்ட சாவு என்று அங்கே இருக்கிறதே என்றார். நல்ல கேள்வி, மதிக்கிறேன். ஆனால் ஐயா, எண்ணாகமம் 35-ஐயும் சேர்த்துப் பாருங்கள். தேவச்செயல் என்று சொல்லிக்கொண்டு அடைக்கலப்பட்டணத்துக்கு, அதாவது தெரியாமல் கொலை செய்தவன் தஞ்சம் புகும் ஊருக்கு, ஓடினவன்கூடச் சபைக்கு முன்பாக நியாயத்தில் நிற்க வேண்டும். விசாரணை உண்டு. அது முடிவதற்கு முன்னால் அடக்க ஆராதனையிலேயே விடுதலைத் தீர்ப்பு எழுதக் கூடாது. அதே 21-ஆம் அதிகாரம் 29-ஆம் வசனத்தில், முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரித்தும் கட்டிவைக்காத எஜமானுக்கு என்ன தண்டனை என்று வாசித்துப் பாருங்கள். மாடியில் தடுப்பு இல்லை என்று வாலிபர் சங்கக் கூட்டத்தில் முன்பே பேசினார்களாம். எச்சரிக்கப்பட்டவன் கணக்கு வேறு.

கோவில் கட்டுகிற வேலை எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாததா? பிரதிஷ்டைத் தேதியை முதலில் குறித்துவிடுவோம். கான்கிரீட் போட்டு, பலகை பிரித்ததும் பணம் முடை. கண்ணில் படுகிற வேலைக்குத்தான் காணிக்கை வரும் என்று கோபுரமும் டைல்ஸும் முன்னால் போகும். கைப்பிடிச்சுவர் கடைசிக்குத் தள்ளப்படும், அதற்குள் மாடிப்படியைத் திறந்துவிடுவோம். நாலு சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே இரண்டு வரிசை கட்டி, படிக்கட்டு வாசலைப் பூட்டியிருந்தால் போதும். இருட்டில் யாரும் ஏறக் கூடாது, ஏறுகிறவனுக்கு இடுப்பில் கயிறு வேண்டும், கீழே ஒரு ஆள் வேண்டும். செலவு என்று சொல்ல அதில் என்ன இருக்கிறது?

"துக்க வீட்டில் இதையெல்லாம் பேசலாமா" என்கிறீர்கள். துக்க வீட்டில் பேசினது நான் இல்லையே. பேசினவர் அவர். அந்தத் தாயைப் பார்த்து, யோபு போலக் கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று சொல்லு, அழாதே என்றார். யோபு 1:21 யோபின் வாயிலிருந்து வந்தது. பிள்ளைகளை இழந்தவன் தானாகச் சொன்னது. பக்கத்தில் நின்றவன் அவன் வாயில் திணித்தது இல்லை. சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அது வரைக்கும் நன்றாக இருந்தது. பேசத் தொடங்கினார்கள், கடைசியில் கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்த இயேசுவே கண்ணீர் விட்டார். அழாதே என்று சொல்ல இவர் யார்?

அந்த அம்மா பிரசங்கம் முடிகிற வரைக்கும் தலை நிமிரவில்லை. வீடியோவில் அது தெரிகிறது. மகனையும் இழந்து, ஏன் என்று கேட்கிற உரிமையையும் இழந்து உட்கார்ந்திருந்தார்கள். கேட்டால் தேவனுக்கு விரோதி ஆகிவிடுவார்களாம்.

குழியை வெட்டி மூடாமல் விட்டு, அதில் அடுத்தவன் மாடு விழுந்தாலே குழிக்காரன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது யாத்திராகமம் 21:33, 34. இங்கே விழுந்தது மாடு இல்லை. கமிட்டி கூடட்டும். மாடியைத் திறந்துவிட்டது யார், ஏற்றிவிட்டது யார் என்று மினிட்ஸில் எழுதட்டும். அந்தக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் சபையார் முன்னால் செய்யட்டும். பிரதிஷ்டையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்தச் சுவரைக் கட்டட்டும். பதில் எழுத வருகிறவர்கள் அந்த 17-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.