குழி தோண்டிய பிறகு விலை பேசாதீர்கள்

எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டி எடுத்து இன்றோடு பதினெட்டு நாட்கள் ஆகின்றன. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ புதிய தார் விழுந்திருக்க வேண்டும். விசாரித்தபோது, “எதிர்பாராத கூடுதல் செலவு வந்துவிட்டது சார், மேலே அனுமதிக்குப் போயிருக்கிறது” என்றார் அங்கே நின்றிருந்த இளம் பொறியாளர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதே பதிலை எத்தனையோ தெருக்களில் நானும் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயரைக் குறிப்பிடவில்லை; எந்த ஊரைச் சொன்னாலும் கதை பெரிதாக மாறிவிடாது.

அந்தப் பதிலில் வரும் ‘எதிர்பாராத’ என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போடக் கூடாது என்று துறைகளுக்கு எழுதினார். மிகச் சரியான அறிவுறுத்தல். அடுக்கின் மேல் அடுக்காகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வாசற்படிகள் பள்ளத்தில் இறங்கி, முதல் மழைக்கே வீட்டுக்குள் தண்ணீர் வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சுரண்டத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. பல உட்புறத் தெருக்களில், கீழே இருக்க வேண்டிய ஜல்லிப் படுகை பெயரளவுக்குத்தான் இருந்தது. இருபது, முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த தார் அடுக்குகள்தாம் அந்தத் தெருவின் பலமாக இருந்திருக்கின்றன. அதில் நாற்பது மில்லிமீட்டரைச் செதுக்கி எடுத்தால் களிமண்ணும் செங்கல் துண்டும் எட்டிப் பார்க்கின்றன. பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழி மூடிகளோ, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் உயர்த்தப்பட்டவை. இப்போது துருத்திக்கொண்டு நிற்கின்றன. மூடியை இறக்க வேண்டும், படுகையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டுக்கும் மதிப்பீட்டில் தொகை கிடையாது. ஆகவே வேலை நிற்கிறது.

இதில் எது எதிர்பாராதது? நூறு மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி, முழங்கால் ஆழத்துக்கு இரண்டு கூலியாட்களை வைத்துத் தோண்டிப் பார்த்திருந்தால், மதிப்பீடு தயாரித்த அன்றே தெரிந்திருக்கும். ஒரு குழிக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். ஆனால் மதிப்பீடு எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். நிதி ஒதுக்கீடு வந்துவிட்டது, இரண்டு நாளில் பட்டியல் வேண்டும் என்பார்கள். நீளத்தையும் அகலத்தையும் டேப் வைத்து அளப்போம், சில சமயம் அதுவும் பழைய கோப்பிலிருந்தே வரும். தார் அடுக்கின் கனத்தை வழக்கப்படி எழுதுவோம். கடைசி வரியில் எதிர்பாராச் செலவுக்கென்று மூன்று சதவீதம் போன்ற ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கையெழுத்திடுவோம். அந்தத் தெருவின் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதிலும் இருந்திருக்காது.

வெளியிலிருந்து வரும் செலவுகளும் உண்டு, மறுக்கவில்லை. தாரின் விலையைப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மாதம் இருமுறை மாற்றுகின்றன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலரைத் தாண்டியபோது தாரும் கூடவே ஏறியது. அதே ஆண்டு ஜூலை 18 முதல், அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் செய்யும் சாலைப் பணி ஒப்பந்தங்களின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. இவற்றை எந்தப் பொறியாளரும் குழி தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், நாற்பது மில்லிமீட்டர் கனம் என்றால் 240 கன மீட்டர். எடையில் ஏறக்குறைய 575 டன் கலவை. அதில் தார் சுமார் 30 டன். டன்னுக்குப் பத்தாயிரம் ரூபாய் ஏறினாலும் கூடுதல் செலவு மூன்று இலட்சம். எரிச்சலூட்டும் தொகைதான், ஆனால் தெருவை நிறுத்திவைக்கும் தொகை அன்று. விலை மாற்றத்தை ஈடுகட்டும் பிரிவைக் குறுகிய காலப் பணிகளுக்குச் சேர்ப்பது வழக்கமில்லை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே பதினெட்டு மாதங்களுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குத்தான் அதை அனுமதிக்கின்றன. அப்படியானால் அந்த மூன்று இலட்சத்தை யார் தருகிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கோப்பில் விடை இருக்காது, சாலையில் இருக்கும். நாற்பது மில்லிமீட்டரில் ஐந்தைக் குறைத்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு 72 டன் கலவை மிச்சம். பத்து டன் லாரியில் ஏழு நடை. கூடுதல் செலவுக்கு வெளிப்படையான வழி இல்லாத இடத்தில் அது கனத்தின் வழியாக வெளியேறுகிறது. ஒப்பந்ததாரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. கையிலிருந்து நட்டப்பட்டு, பில் பணத்துக்கு ஒரு வருடம் அலைந்து, வட்டி கட்டி ஒடிந்துபோனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தை மதிப்பீட்டைவிட இருபது சதவீதம் குறைத்து எடுத்துவிட்டு, அதில் எந்த வேலை இனத்தின் அளவு பிறகு உயரும் என்று முன்கூட்டியே அறிந்து அதற்கு மட்டும் விலையைக் கூட்டிப் போட்டிருந்த கெட்டிக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் பணியில் இருந்த ஓர் ஊரில் ஆறு தெருக்களை ஒரே பேக்கேஜாக, அதாவது ஒரே ஒப்பந்தமாக, விட்டிருந்தோம். இரண்டாவது தெருவில் சுரண்டும் இயந்திரத்தின் ஒரு பக்கச் சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. பழைய குடிநீர்க் குழாய் பல காலமாகக் கசிந்து, அடிமண்ணை அரித்து, மேலே தார்த் தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. மண்ணை மாற்றி ஜல்லி நிரப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஒப்பந்தத்தில் விலையில்லை. ஒப்பந்ததாரர் ஒரு விலை சொன்னார், நான் ஒன்று சொன்னேன், அரசு விலைப்பட்டியல் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது. திருத்திய மதிப்பீடு எழுதி, கோப்பு மேலே போய், விளக்கம் கேட்டுத் திரும்பி வந்து, மன்றத்தில் தீர்மானமாகி முடிவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. திறந்து கிடந்த தெருவில் மழை இறங்கி, பழுது முதலில் அளந்ததைப்போல் இருமடங்கானது. தணிக்கைக்குப் பயந்து நான் ஒரு கூடை ஜல்லிகூடப் போடச் சொல்லவில்லை. வாய்மொழி உத்தரவில் செய்த வேலைக்குப் பின்னாளில் தன் ஓய்வூதியத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மூத்தவரின் நிலை என் கண்முன் இருந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? ஆறாவது தெருவிலிருந்து வந்தது. பட்டியலின் கடைசியில் இருந்த அந்தத் தெரு சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. ‘நிதிக்குள் பணி முடிக்கப்பட்டது’ என்று நானே எழுதினேன். அங்கே இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா, “எங்க தெருவுக்கு எப்ப தம்பி?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவர் தெருப் பணத்தை இன்னொரு தெருவின் குழியில் போட்டுவிட்டோம் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்குக் கடைசிவரை வரவில்லை.

என் கருத்து இதுதான்: அடியில் பழுது எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாமல் போகலாம், ஆனால் அந்தப் பழுதுக்கு என்ன விலை என்பது டெண்டர் திறக்கும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். படுகை மாற்ற ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு, மூடி இறக்க ஒன்றுக்கு எவ்வளவு, தெரியாத குழாய் குறுக்கிட்டால் மீட்டருக்கு எவ்வளவு என்று உத்தேச அளவோடு டெண்டரிலேயே கேட்டுவிட்டால், எல்லாப் போட்டியாளர்களும் அதற்கும் சேர்த்துப் போட்டியிடுவார்கள். குழி விழுந்த அன்று பேரம் இருக்காது, அளந்து எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தில், ஏற்றினால் போதும். தெருவைத் திறந்துபோட்டுவிட்டு விலை பேசும்போது உள்ளாட்சியின் கையில் எந்தப் பிடியும் இருப்பதில்லை. எதிரே இருப்பவர் ஒருவர்தான், அவருடைய இயந்திரமோ ஏற்கெனவே நம் தெருவில் நிற்கிறது.

இதோடு, டெண்டரில் மதிப்பீட்டைவிடக் குறைந்து வரும் தொகையை உடனே வேறு பணிக்குத் திருப்பிவிடாமல், அந்தப் பேக்கேஜ் முடியும்வரை அதற்கே வைத்திருக்க வேண்டும். ஒரு வரம்புக்குள் செலவிட உதவிப் பொறியாளருக்கே அதிகாரம் தர வேண்டும். அதிகாரம் தந்தால் தின்றுவிடுவார்கள் என்ற எதிர்வாதம் எனக்குத் தெரியும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் குழியை அளவுகோலோடு படமெடுத்து, அந்தத் தெருவில் குடியிருக்கும் இருவரின் கையொப்பத்தோடு பதிவு செய்தால், இன்று கோப்புக்குள் நடப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்று 1998இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அந்த வெளிச்சம் டெண்டர் முடிவாகும் வரைக்கும்தான் அடிக்கிறது. அதற்குப் பிறகு சேரும் கூடுதல் இனங்களையும், கழிக்கப்படும் தெருக்களையும் அறிய, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பணம் போதாமல் ஒரு தெரு விடுபடுகிறது என்றால் விடுபடட்டும், அதை அந்தத் தெருவாசிகளுக்கு எழுதித் தெரிவியுங்கள். கனத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

குடிநீர்க் குழாய்க்காரர்களும் மின்வாரியமும் சாலை போட்ட மறு வாரமே வந்து வெட்டுவதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அதற்கு இந்தப் பதிவு போதாது.

இன்று காலை அந்த இளம் பொறியாளரை மறுபடியும் பார்த்தேன். எங்கள் பேக்கேஜில் எத்தனை தெருக்கள் என்று கேட்டேன். ஒன்பது என்றார். கடைசித் தெரு எது என்று கேட்டதும், ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “சார், நீங்க டிபார்ட்மென்ட்டா?” என்றார்.