அந்த நாற்காலிக்குக் கட்சி கிடையாது

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் பேசியதை வந்திருந்த எல்லோரும் கேட்டீர்கள். "ஆளுங்கட்சி ஓட்டுல ஜெயிச்சவர் ஆளுங்கட்சிக்குத்தானே பார்ப்பார், இதுல என்ன தப்பு?" அதற்குக் கைதட்டல் வேறு. மாநிலங்களவைத் தலைவரைப் பற்றி வேலூரில் இப்படி ஒரு பேச்சு! மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். அந்த நாற்காலிக்குக் கட்சி கிடையாது. மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை இல்லை. அரசியல் சட்டம் அதைச் செய்து வைத்திருக்கும் விதமே அப்படி. மக்களவை சபாநாயகர் அந்த அவையின் உறுப்பினர். மாநிலங்களவைத் தலைவர் உறுப்பினரே இல்லை. குடியரசுத் துணைத் தலைவர் என்பதால் அங்கே உட்காருகிறார். மாதம் 4 லட்சம் சம்பளம்கூட அவைத் தலைவர் என்ற வகையில்தான். மசோதாவில் அவருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றால் மட்டும் ஒரு ஓட்டு. ஓட்டே இல்லாதவர் யாருக்குப் "பார்ப்பது"?

"அவை துணைத் தலைவர் உறுப்பினர்தானே, அவருக்குக் கட்சி இருக்குமே?" இருக்கும். ஆனால் அந்தப் பதவிக்கு வந்ததும் கட்சியை விட்டு விலகினால் எம்.பி. பதவி போகாது என்று அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையிலேயே, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டத்திலேயே, விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யாரும் அந்த வழியாகப் போகாவிட்டால் அது சட்டத்தின் குற்றமா?

"ஓட்டு இல்லாட்டி என்ன, அதிகாரம் இருக்கே" என்பீர்கள். அதனால்தானே இவ்வளவு கோபம். 2020 செப்டம்பர் 20, இரண்டு வேளாண் மசோதாக்கள். நாற்காலியில் அவை துணைத் தலைவர் ஹரிவன்ஷ். வழக்கம் என்ன? ஏற்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். காதில் விழுந்ததை வைத்துத் தலைவர் முடிவு சொல்வார். அதை மறுத்து டிவிஷன் கேட்டால் மணி அடித்து, லாபிக் கதவைச் சாத்தி, ஓட்டை எண்ண வேண்டும். அன்று எதிர்க்கட்சிகள் கேட்டன. குரல் வாக்கிலேயே முடித்துவிட்டார்கள். கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம். அந்தக் கூச்சலில் 'ஆம்' அதிகமா 'இல்லை' அதிகமா என்று எந்தக் காதுக்குத் தெரியும்? எண்ணியிருந்தால் மசோதா ஜெயித்திருக்கவும் கூடும். யார் எந்தப் பக்கம் என்று பதிவாவது இருந்திருக்கும்!

ரகளை நடந்ததே என்றால், நடந்தது, சரியில்லைதான். அதற்கு விதி இருக்கிறது. மாநிலங்களவை விதி 255-ல் ஒருவரை அன்றைக்கு வெளியே போகச் சொல்லலாம். அதற்கு மேல் என்றால் 256: தலைவர் பெயரைச் சொல்வார், தீர்மானம் வரும், அவை முடிவு செய்யும், அதுவும் மிஞ்சிப்போனால் அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை. மக்களவையில் விதி 374ஏ-வின்படி சபாநாயகர் பெயரைச் சொன்னாலே இடைநீக்கம். மாநிலங்களவைத் தலைவர் கையில் அதைக் கொடுக்கவில்லை. அவர் அவையின் முதலாளி இல்லை.

"டெல்லி சமாச்சாரம் நமக்கெதுக்கு?" என்று கேட்டவருக்கு மட்டும் கொஞ்சம் காட்டமாகவே சொல்கிறேன். அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் திருத்தணிக்காரர். அவர் பிறந்த காலத்தில் திருத்தணி நம் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1952-லும் 1957-லும் டாக்டர் ராதாகிருஷ்ணன் போட்டியில்லாமல் தேர்வானார். நான் எந்தக் கட்சியும் இல்லை, அதனால் இங்கே இருக்கிற எல்லாக் கட்சியும் நான்தான் என்ற பொருளில் 1952-லேயே அவையில் சொன்னார். அந்தத் திருத்தணி ஆந்திராவோடு போய்விடாமல் போராடிய ம.பொ.சி.தான் நம் சட்டமன்ற மேலவையின் கடைசித் தலைவர். 1986 நவம்பர் 1-ந் தேதியோடு அந்த மேலவையையே கலைத்துவிட்டார்கள். ம.பொ.சி.க்குப் பிறகு அங்கே உட்கார ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. மிச்சம் இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் சிறப்பு விருந்தினர் அன்றைக்கு அப்படிப் பேசினார், நீங்களும் கைதட்டினீர்கள்.

கூட்டம் முடிந்து பாதிப் பேர் ஆபீஸர்ஸ் லைன் வழியாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ராதாகிருஷ்ணன் படித்த வூரீஸ் கல்லூரி அந்த ரோட்டில்தான் இருக்கிறது.