வெங்காயத்தை நிறுத்தினால் படகு வந்துவிடுமா?

இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருக்கும் நம் மீனவர்களின் படகுகளைப் பற்றிப் பேசிய அந்தக் கூட்டத்து வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வெங்காயத்தையும் பருப்பையும் ஒரு மாதம் நிறுத்துங்கள், இலங்கைக்காரன் படகுகளைத் தானாகக் கொண்டுவந்து விடுவான்" என்கிறார் பேச்சாளர். கைதட்டியவர்களில் எனக்குத் தெரிந்த முகங்களும் இருந்தன. அதுதான் உறுத்துகிறது.

நிறுத்தினால் யாருடைய அடுப்பு அணையும்? படகைப் பிடித்த கடற்படை அதிகாரியின் அடுப்பா? இலங்கையின் மன்னாரில் கூலிக்குப் போகிறவன் வீட்டு அடுப்புத்தான் அணையும்.

இதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், ஏற்கெனவே நடந்துவிட்டது. 2023 டிசம்பரில் உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த வெங்காய ஏற்றுமதிக்கு இந்தியா தடை விதித்தது. இலங்கை மீது எந்தக் கோபமும் இல்லாமல் எடுத்த முடிவு அது. அதற்கே அங்கே பெரிய வெங்காயத்தின் விலை எகிறியது. மறு ஏப்ரலில்தான் 10,000 டன்னுக்குத் தனி அனுமதி கிடைத்தது. படகு வந்ததா? அதே மாதங்களில்தான் நம் படகோட்டிகளைச் சிறையில் அடைத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் 2024 பிப்ரவரியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவை நாம் புறக்கணித்தோம். மறந்துவிட்டதா?

என் தாத்தா கருவாட்டு வியாபாரி. 1964 புயலுக்கு முன், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலம். அன்று கொழும்புச் சந்தையை நம்பி இருந்தது நம் கரைதான். அங்கே இறக்குமதி உரிமத்தைச் சுருக்கியபோது மூட்டைகள் கிட்டங்கியிலேயே கிடந்தன; பாட்டியின் தண்டட்டி அடகுக்குப் போனது. கொழும்பில் கையெழுத்துப் போட்டவருக்குப் பாட்டி யாரென்றே தெரியாது.

அவ்வளவு பின்னால் போவானேன்? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. எண்ணெய் வாங்க முடிவெடுத்தது டெல்லி. இறாலுக்கும் நண்டுக்கும் இனி என்ன விலை கிடைக்குமோ என்று கலங்கியது நம் மீன் வாடிகளில் வேலை பார்க்கும் பெண்கள். அன்று "பெரிய நாடு என்றால் எதையும் செய்யலாமா" என்று கேட்டவர்கள்தானே இன்று கைதட்டுகிறீர்கள்?

"2022இல் பொருளாதாரம் சரிந்து தவித்த இலங்கைக்கு 400 கோடி டாலர் கொடுத்தோமே, நன்றி வேண்டாமா" என்கிறார் ஒரு தம்பி. அதில் பெரும்பகுதி கடன், திருப்பிக் கட்ட வேண்டிய பணம். தமிழ்நாடு அனுப்பிய அரிசியும் பால்மாவும் மட்டும் வேறு. அது மனதாரக் கொடுத்தது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் பழக்கம் நம் ஊரில் எப்போது வந்தது? அந்த ஆண்டு தனுஷ்கோடி அரிச்சல்முனை மணல்திட்டில் இலங்கைத் தமிழர்கள் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கினார்களே, பால்மா வாங்க முடியவில்லை என்று அழுதார்களே, அவர்கள் வீட்டு உலையையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?

நிறுத்தினால் பணிவார்கள் என்பதும் பொய்க்கணக்கு. வெங்காயம் பாகிஸ்தானிலும் விளைகிறது, சீனாவிலும் விளைகிறது. ஒருமுறை அங்கே போன வியாபாரி நம்மிடம் திரும்பி வருவாரா?

"உன் வீட்டுப் படகு போயிருந்தால் தெரியும்" என்று எழுதியிருப்பவருக்கு: என் மச்சானின் விசைப்படகை இலங்கையில் அரசுடைமை ஆக்கிவிட்டார்கள். அது யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் கிடந்து மட்குகிறது. கடன் இன்னும் தீரவில்லை. அக்கா நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். எனக்கு வலி தெரியாது என்று சொல்லாதீர்கள்.

அந்த வலியோடுதான் சொல்கிறேன். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை இலங்கை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. யாழ்ப்பாணத்து மீனவனின் வலையை அறுத்துக்கொண்டு போவது நம் கரை மடிதான், என் மச்சானின் மடியும் சேர்த்து. அவனும் கடன் வாங்கித்தான் வலை வாங்குகிறான், தமிழில்தான் அழுகிறான். அவனோடு உட்கார்ந்து பேசச் சொல்லி எந்த மேடையிலாவது ஒருவராவது கேட்டீர்களா? வெங்காயம் என்றதும் மட்டும் எப்படிக் கை தட்ட வருகிறது?