அந்தப் 11 பக்கங்கள் ஏன் போய்ச் சேரவில்லை

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாத்து வருகிறோம். ஸ்கேனர் மதுரையில் இருக்கிறது. படங்களைச் சுத்தம் செய்து பட்டியலிடும் வேலை சென்னையில் நடக்கிறது. இன்னொரு பிரதி ஐரோப்பாவில் வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கிறது. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக் கோப்பாக எடுத்தால் 26 எம்பி வரும். நூறு பக்க இதழ் என்றால் 2.6 ஜிபி. ஆக, எங்கள் வேலையில் பாதி கோப்புகளை ஊர்விட்டு ஊர் அனுப்புவதுதான்.

ஆரம்பத்தில் எஃப்டிபியில் (FTP, கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் பழைய முறை) அனுப்பினோம். ராத்திரி ஸ்கிரிப்டை ஓடவிட்டால் காலையில் எல்லாக் கோப்பும் சென்னையில் இருக்கும். ஒரு நாள் மதுரைக் கணினியில் இடம் தீர்ந்துபோனது. சென்னையில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு மூலப் படங்களை அழித்தோம். இதழைக் கொடுத்தவரிடம் அதற்கு முன்பே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அவர் வீடு மாறியதில் அந்தக் கட்டு தொலைந்தது. இரண்டு மாதம் கழித்து யாரோ திறந்து பார்த்தபோதுதான் 11 பக்கங்கள் பாதியோடு நிற்பது தெரிந்தது. மேல்பாதி எழுத்து, கீழ்பாதி வெறும் சாம்பல் நிறம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் படித்ததில்தான் இந்தப் பதிவில் உள்ளதெல்லாம் எனக்குப் புரிந்தது. எஃப்டிபி வழக்கமான முறையில் ஒரு கோப்பு முடிந்ததை, தரவு வரும் இணைப்பை மூடித்தான் தெரிவிக்கிறது. நடுவில் லைன் அறுந்து இணைப்பு மூடினாலும் மறுமுனைக்கு அது கோப்பு முடிந்த மாதிரியே தோன்றலாம். உண்மையிலேயே முடிந்ததா என்பதற்கு இன்னொரு இணைப்பில் தனியாக ஒரு பதில் வரும். எங்கள் ஸ்கிரிப்ட் அந்தப் பதிலைப் பார்க்கவே இல்லை.

எஃப்டிபியை மட்டமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. 1971 ஏப்ரலில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில், எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதியது அது. கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்தவர். நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பிய காலத்துக்கு அது அருமையான வேலை. ஆனால் பாஸ்வேர்டை அப்படியே எழுத்து எழுத்தாக வயரில் அனுப்பும் ஒன்றை இன்றைக்கும் வைத்திருப்பதில் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021இலேயே அதைக் கைவிட்டுவிட்டன. இன்னமும் பல சின்ன அலுவலகங்களில் சர்வர் எடுத்ததும் முதலில் திறப்பது எஃப்டிபி கணக்குதான். தயவுசெய்து அதை மூடுங்கள்.

அதற்குப் பதில் என்ன? எஸ்எஸ்ஹெச் (SSH), அதாவது தூரத்துக் கணினியோடு மறையாக்கம் செய்து, வேறு யாரும் படிக்க முடியாதபடி பேசும் முறை. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் அதைப் பார்த்துவிட்டு எழுதியதுதான் இது. ஒவ்வொரு சேவைக்கும் கணினியில் போர்ட் என்று ஒரு வாசல் எண் உண்டு. எஃப்டிபிக்கு 21, தூரத்துக் கணினியில் நுழையப் பயன்பட்ட பழைய டெல்நெட்டுக்கு 23. இரண்டுக்கும் பதிலாக வருவது என்பதால் நடுவில் இருந்த 22ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். எஸ்எஸ்ஹெச் மேல் ஓடிக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கும் பழைய எஃப்டிபிக்கும் பெயரில்தான் ஒற்றுமை. எஃப்டிபிஎஸ் என்பது வேறு, அது பழைய எஃப்டிபிக்கு மறையாக்கம் என்ற மேல்சட்டை போட்டது. இந்த மூன்று பெயர்களையும் குழப்பிக்கொண்டு ஹோஸ்டிங் ஆளிடம் மணிக்கணக்கில் பேசியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

"பாதுகாப்பு வேண்டுமென்றால் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று இப்போதும் சொல்கிறார்கள். 2010 வாக்கிலிருந்து வந்த பெரும்பாலான இன்டெல் சிப்புகளில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறைக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. நம் வீட்டு பிராட்பேண்ட் வேகத்துக்கு அந்த வேலை சிப்புக்கு ஒரு பொருட்டே இல்லை. ராஸ்பெரி பை 4 மாதிரி அந்த வசதி இல்லாத சின்னக் கணினிப் பலகைகளில் மட்டும் சாசா20 என்ற இன்னொரு மறையாக்க முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சரி, வேகம் எங்கேதான் போகிறது? முதலில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருப்பது பிட் கணக்கு. பைட்டில் அது விநாடிக்கு 12.5 எம்பிதான், அதுவும் பல இணைப்புகளில் டவுன்லோடுக்கு மட்டும். அடுத்தது தூரம். தூரத்து சர்வருக்கு ஒரு செய்தி போய்ப் பதில் வரக் கால் விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முறை போய்வந்தால், பத்தாயிரம் சின்னக் கோப்புகளுக்கு 2,500 விநாடி வெறும் காத்திருப்பிலேயே கரைந்துபோகும். லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் இது குறையாது. சின்னக் கோப்புகளை டார் (tar) என்ற கருவி கொண்டு ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் அது வேகமாகப் போவது இதனால்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்களுடைய இரண்டு கணினிகளுக்கு நடுவே, திரும்பத் திரும்பக் கோப்பு அனுப்ப வேண்டியிருந்தால், எஸ்எஸ்ஹெச் வழியாக ஆர்சிங்க் (rsync) என்ற கோப்பு அனுப்பும் கருவியைப் பயன்படுத்துங்கள். மேற்கொண்டு யோசிக்க வேண்டாம்.

1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் எழுதியது. டிரிட்ஜெல் பிறகு அதையே தன் முனைவர் பட்ட ஆய்விலும் சேர்த்தார். அதன் யோசனையைப் படித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! மறுமுனையில் கோப்பின் பழைய பிரதி இருக்கிறது. அது தன் பிரதியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு செக்சம், அதாவது கைரேகை மாதிரி ஒரு சிறு எண், கணக்கிட்டு அந்த எண்களை மட்டும் இங்கே அனுப்பும். இந்த முனை தன் புதிய கோப்பில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்துகொண்டே அதே கைரேகை எங்கே வருகிறது என்று தேடும். ஒரு பைட் நகரும்போது முழுத் துண்டையும் மறுபடி கணக்கிட வேண்டாம். முன்னால் ஒன்றைக் கழித்து, பின்னால் ஒன்றைக் கூட்டினால் போதும். அந்தச் சின்ன எண் பொருந்தினால்தான் வலுவான இன்னொரு எண்ணையும் ஒப்பிடும். கடைசியில் பொருந்தாத பகுதி மட்டுமே வயரில் போகும்.

மெய்ப்புப் பார்க்கும்போது ஒருவர் வாசிக்க மற்றவர் படியைப் பார்ப்பார் அல்லவா? இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு, புத்தகத்தைப் பரிமாறாமலே அதைச் செய்வது மாதிரி இது.

எங்கள் வேலையில் இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 26 எம்பி டிஃப் கோப்பில் தலைப்பும் ஆண்டும் மட்டும் சேர்த்தால், அடுத்த முறை சில பத்து கேபிதான் போகிறது. மாறாத கோப்புகளை அளவும் தேதியும் பார்த்து அப்படியே தாண்டிவிடுகிறது. பார்ஷியல் (--partial) ஆப்ஷன் போட்டிருந்தால், லைன் அறுந்தாலும் வந்த பாதியை வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டும்போது தொடர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கோப்பும் போய்ச் சேர்ந்தபின் முழுக் கோப்பின் செக்சத்தையும் ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் மறுபடி அனுப்புகிறது, இல்லையென்றால் பிழை என்று சொல்கிறது. எங்களுக்கு அன்றைக்கு இல்லாமல்போனது இந்த ஒன்றுதான்.

ஜிப் செய்த கோப்புகளுக்கு இந்த மிச்சம் கிடைக்காது. ஒரு எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் மாறிவிடும். அதனால்தான் நாங்கள் டிஃபைச் சுருக்காமலே வைத்திருக்கிறோம்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. டெலீட் ஆப்ஷன் மறுமுனையில் இருப்பதை அழிக்கும். முதலில் டிரை ரன், அதாவது எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டம், போட்டு, என்னென்ன அழியப் போகிறது என்று படித்துப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். மூல ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் வேறு. ஆர்சிங்க் டீமனை, அதாவது எஸ்எஸ்ஹெச் இல்லாமல் தானே சர்வராகப் பின்னணியில் ஓடும் ஆர்சிங்க்கை, இணையத்துக்கு நேராகத் திறந்துவைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் வந்த 3.4.0 பதிப்பில் ஆறு ஓட்டைகளை அடைத்தார்கள், அதில் மிக மோசமானது டீமனில் இருந்தது. எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திவிட்டு கீ, அதாவது உங்கள் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு, மட்டும் வையுங்கள். முதல் தடவை இணையும்போது சர்வரின் கைரேகையைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். எல்லோரும் படிக்காமல் 'yes' என்று அடிக்கிறோம். மறுமுனையில் இருப்பவருக்கு ஃபோன் போட்டு ஒப்பிட இரண்டு நிமிடம் போதும்.

ஒரே ஒரு கோப்பை ஒருவருக்கு ஒரு முறை அனுப்ப இவ்வளவும் தேவையில்லை. குரோக் (croc) அல்லது மேஜிக் வார்ம்ஹோல் என்ற சின்னக் கருவி போதும். மூன்று நான்கு சொற்களை ஃபோனில் சொன்னால் வேலை முடிந்தது, நடுவில் இருப்பவரால் கோப்பைப் படிக்க முடியாது. பெரிய விலை கொடுத்து வாங்கும் கோப்புப் பரிமாற்ற மென்பொருள் இருந்தால் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2023 மே மாதம் மூவ்இட் (MOVEit) என்ற அப்படிப்பட்ட மென்பொருளில் நடந்ததை நினைவூட்டுகிறேன். தரவுத்தளத்துக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளைகளில் இருந்த ஒரு ஓட்டை வழியாக க்ளாப் என்ற இணையத் திருட்டுக் கும்பல் உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் கோப்புகளை அள்ளிக்கொண்டு போனது.

அப்புறம், முதல் பிரதி. எங்களிடம் 4 டிபி சேர்ந்திருந்தது. மதுரை அப்லோடு 30 எம்பிபிஎஸ். இடைவிடாமல் ஓடினாலும் 12 நாள். அதனால் மறையாக்கம் செய்த ஹார்டு டிஸ்க்கில் போட்டு, நண்பர் வைகை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். ஏழரை மணி நேரப் பயணம் என்று கணக்கிட்டால் அது 1.1 ஜிபிபிஎஸ்ஸுக்கு மேல் வருகிறது! 2019இல் வெளியான முதல் கருந்துளைப் படத்துக்கான தரவையும் விமானத்தில் டிஸ்க்குகளாகத்தான் கொண்டுபோனார்கள். தென்துருவத் தொலைநோக்கியின் டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. முதல் மூட்டையை ரயிலில் அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து மாற்றங்களை மட்டும் ஆர்சிங்க்கில் அனுப்புகிறோம். தினமும் ராத்திரி 11 மணிக்கு ஓடுகிறது. செக்சம் பட்டியல் தனிக் கோப்பாகப் போகிறது. அது பொருந்தி மறுநாள் காலையில் ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மதுரையில் எதையும் அழிக்கிறோம்.

அந்தப் 11 பக்கங்களைத் தேடி ஒன்றரை வருடம் அலைந்தோம். போன மாதம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணில் அதே இதழ் கிடைத்தது. 9 பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. 37, 38ஆம் பக்கங்கள் இருந்த ஒரு தாள் மட்டும் கிழிந்துபோயிருக்கிறது. ஒரு சிறுகதையின் முடிவு அந்தத் தாளில்தான் இருந்தது.